பேட்ச்: ஒட்டா, இணைப்பா, ஒலியமைவா?

'பேட்ச்' என்று தமிழில் எழுதினால் எதைச் சொல்கிறோம் என்பது அடுத்த சொல் வரும்வரை விளங்காது. ஒரே ஆண்டில் கல்லூரியை முடித்தவர்கள் '2004 பேட்ச்'. படப்பிடிப்பு முடிந்த பிறகு விட்டுப்போன துண்டுக் காட்சிகளை எடுப்பது 'பேட்ச் வொர்க்'. குழி விழுந்த சாலையில் ஆங்காங்கே தார் ஊற்றுவதும் அதே பெயரில்தான் நாளிதழில் வருகிறது. இவற்றில் முதலாவது ஆங்கிலத்தில் வேறொரு சொல். நம் 'ப' இரண்டு ஒலிகளையும் சுமப்பதால் இங்கே ஒன்றாகிவிட்டது. இந்தக் கும்பலுக்குள்தான் மின்னணுவால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் கருவியை வாசிப்பவர்களின் பேட்சும் இடம் தேடி நிற்கிறது.

கணினியில் ஒரு சிந்தசைசர் மென்பொருளைத் திறந்தால் பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கும். ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து விசையை அழுத்தினால் ஒரு ஒலி கேட்கும். வேறொரு பெயருக்கு வேறொரு ஒலி. அந்தப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு பேட்ச். இதை ஒலிப்பதிவு என்று எண்ணிக்கொள்பவர்கள் நிறைய. பெரும்பாலான பேட்ச்களுக்குள் ஒலியே கிடையாது. எந்தக் குமிழ் எவ்வளவு திருப்பியிருக்கிறது, எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்ற எண்களின் பட்டியல்தான் அது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியில் ஒரு ஒலிக்கு 155 மதிப்புகள். அதன் நினைவில் உள்ள 32 ஒலிகளையும் சேர்த்து வெளியே எடுத்தால் தரவு 4,096 பைட்டுகள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையைச் சேமிக்க அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும்.

எண்களின் பட்டியலுக்கு 'ஒட்டு' என்று பொருள்படும் பெயர் எப்படி வந்தது? ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் கிழிந்த துணியில் வைத்துத் தைக்கும் துண்டைக் குறித்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. துணிக்கு ஒட்டுப்போடுவதுபோல் இரண்டை அவசரத்துக்குச் சேர்ப்பது என்ற பொருள் பிற்காலத்தில் மின்சாரத்துக்குத் தாவியது. தொலைபேசி நிலையத்தில் ஒருவர் பலகையின் முன் அமர்ந்து, பேச விரும்பும் இருவரின் துளைகளை ஒரு வயரால் இணைப்பார். பேச்சு முடிந்ததும் பிடுங்கிவிடுவார். அப்படிச் செருகிப் பிடுங்கும் வயருக்கும் பேட்ச் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மின்கிதாரில் இன்றும் செருகும் தடித்த முனை அந்தத் தொலைபேசிப் பலகையிலிருந்து வந்ததே. (மென்பொருள் பிழையைத் திருத்தும் பேட்ச் இன்னொரு கிளை. துளையிட்ட காகித நாடாவில் தவறான துளையின் மேல் உண்மையிலேயே காகிதம் ஒட்டிய காலத்தின் மிச்சம் அது.)

1964இல் நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க்கில் ராபர்ட் மோக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து தன் முதல் சிந்தசைசரின் முன்மாதிரியை உருவாக்கினார். அதே ஆண்டுகளில் நாட்டின் மறுகரையில், சான் பிரான்சிஸ்கோவில், டான் புக்லா தன் வழியில் இன்னொன்றைச் செய்தார். இவை தனித்தனிப் பெட்டிகளின் அடுக்கு: ஒலியலையைப் பிறப்பிக்கும் அலையியற்றி ஒரு பெட்டி, அதில் வேண்டாததைக் கழிக்கும் வடிப்பான் ஒரு பெட்டி, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கி ஒரு பெட்டி. வயர் செருகாதவரை பெட்டிகள் ஒன்றுக்கொன்று அந்நியர்கள். அலையியற்றியிலிருந்து வடிப்பானுக்கு ஒரு வயர், அங்கிருந்து பெருக்கிக்கு ஒன்று என்று செருகிக்கொண்டே போனால் ஒரு ஒலி பிறக்கும். செருகிய வயர்களின் அந்த மொத்தக் கோலம்தான் முதல் பேட்ச். கோலம் என்பதை உவமையாக மட்டும் சொல்லவில்லை. நாளை வேறு ஒலி வேண்டுமென்றால் இதை அழித்துவிட்டுத்தான் அதைப் போட வேண்டும்.

அழிந்ததை மீட்கக் காகிதம்தான் துணை. கருவியின் முகப்பை வரைந்த தாளில் குமிழ்களின் நிலையைக் குறித்து வைப்பார்கள். 1970இல் வந்த மினிமோக், வயர் செருகும் வேலையை ஒழித்துவிட்டது. பெட்டிகள் உள்ளேயே இணைக்கப்பட்டிருந்தன. ஆனால் நினைவகம் இல்லாததால் அதற்கும் அந்தத் தாள் வேண்டியிருந்தது. வயர் போன பிறகும் பேட்ச் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

தாளை ஒழித்தது 1978இன் புரொஃபெட்-5. டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் அதற்குள் ஒரு நுண்செயலியை வைத்து, குமிழ்களின் நிலைகளை நினைவில் வைத்துக்கொள்ளச் செய்தது. 40 ஒலிகள், பொத்தானை அழுத்தினால் அடுத்த நொடியில் அடுத்த ஒலி. மேடையில் இரண்டு பாடல்களுக்கு நடுவே குமிழ் திருப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். சிந்தசைசர் வரலாற்றில் 'எனக்குப் பிடித்த ஒலிகள்' என்ற பேச்சுக்கு உண்மையான பொருள் வந்தது இங்கிருந்துதான் என்பேன். வைத்துக்கொள்ள முடியாததைப் பொறுக்கி எடுத்து என்ன பயன்?

நினைவகம் வந்ததும் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். சீக்வென்ஷியலுக்கு அது 'புரோகிராம்', யமஹாவுக்கு 'வாய்ஸ்', ரோலண்ட் நிறுவனம்தான் பேட்ச் என்பதைப் பிடித்துக்கொண்டது. 1983இல் கருவிகள் ஒன்றோடொன்று பேச மிடி என்ற பொதுமொழி வந்தபோது, ஒலியை மாற்றும் கட்டளைக்குப் 'புரோகிராம் மாற்றம்' என்று பெயர் இட்டார்கள். அதில் 128 எண்களுக்குத்தான் இடம். ஏழு பிட்டுகளில் அவ்வளவுதான் கொள்ளும். 1991இல் அந்த 128 எண்களுக்கும் நிலையான ஒலிகளை ஒதுக்கினார்கள். முதலாவது பியானோ, 105 சிதார், 112 ஷெனாய், 128 துப்பாக்கி வெடிப்பு. வீணையும் நாகஸ்வரமும் பட்டியலில் இல்லை. கைதட்டலுக்கும் ஹெலிகாப்டருக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

நம் ஊர் மெல்லிசை மேடையில் கேட்டால் இந்தப் பெயர்கள் எதுவும் காதில் விழாது. அங்கே எல்லாம் 'டோன்'. புல்லாங்குழல் டோன், ஷெனாய் டோன், யாரோ ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்த தவில் டோன். ரோலண்டின் கணக்கில் டோன் என்பது பேட்சின் ஒரு பகுதி மட்டுமே. 1987இன் டி-50 கருவியில் இரண்டு டோன் சேர்ந்தால் ஒரு பேட்ச். மேடைக்கு அந்த நுணுக்கம் தேவைப்படவில்லை. டோனும் நம் 'தொனி'யும் உறவினர்கள் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. தொனி வடமொழி 'த்வனி'யிலிருந்து வந்தது. டோனின் வேர் கிரேக்கத்தில், நாணை இழுத்துக் கட்டுவது என்ற பொருளில் இருக்கிறது.

இனித் தமிழ்ச் சொல். 'ஒட்டு' என்றால் துணியும் சாலையும் மாங்கன்றும்தான் நினைவுக்கு வரும். சிந்தசைசர் பேட்சில் கிழிசலும் இல்லை, தையலும் இல்லை. 'இணைப்பு' வரலாற்றுக்குப் பொருத்தமானது. வயர் செருகும் பெட்டிக் கருவிகளுக்கும், திரையிலேயே வயர்களை வரைந்து காட்டும் விசிவி ராக் போன்ற மென்பொருள்களுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மின்னஞ்சலோடு வருவதும் இணைப்பு, வலைச்சுட்டியும் இணைப்பு, எரிவாயுவும் இணைப்பு. அந்தச் சொல்லின் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்ற எனக்கு மனமில்லை. 'ஒலிக்கோப்பு' தவறே, அது ஒலிப்பதிவைக் குறிக்கும், பேட்சைப் பற்றிய முதல் தவறான எண்ணத்தையும் நிலைநிறுத்திவிடும்.

'முன்னமைவு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது நல்ல சொல், ஆனால் வேறொன்றுக்கு: பிரீசெட் என்பதற்கு. 1935இல் வந்த ஹாமண்ட் ஆர்கனில், விசைப்பலகையின் இடது ஓரத்தில் கறுப்பு வெள்ளை நிறம் தலைகீழாக மாறிய விசைகள் சில இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை ஆளுக்கொன்றாக, ஆலையிலேயே அமைத்து வைத்த ஒரு ஒலியைத் தரும். அதை மாற்ற வேண்டுமென்றால் கருவியின் பின்புறத்தைத் திறந்து திருகாணிகளுக்கு அடியில் உள்ள வயர்களை இடம் மாற்ற வேண்டும். பிறர் முன்கூட்டியே அமைத்துத் தந்தது முன்னமைவு. நான் இரவு இரண்டு மணிக்கு வடிப்பானைத் திருகித் திருகிக் கண்டுபிடித்ததை யார் முன்னமைத்தார்கள்?

பழந்தமிழில் தேடினால் ஒரு சொல் கண்ணில் நிற்கிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எட்டு வகைகள் வருகின்றன. அவற்றுள் முதலாவது 'பண்ணல்'. எடுத்த பண்ணுக்கு ஏற்ப நரம்புகளைப் பொருத்தி யாழை ஆயத்தம் செய்வது. வாசிப்பதற்கு முன் கருவியை ஒரு நிலைக்குக் கொண்டுவரும் செயலுக்கு இதைவிடச் சரியான சொல்லை நான் பார்த்ததில்லை. ஆனால் இன்றைய காதில் அது 'செய்யவில்லை' என்று விழும். 'பண்ணலைச் சேமித்தேன்' என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். ஆசையோடு அதை ஓரமாக வைத்துவிட்டேன்.

எஞ்சியது 'ஒலியமைவு'. ஒலி வருவதற்கான அமைவு, ஒலியல்ல. யார் அமைத்தது என்றும் சொல்லாது. ஆலை தந்தது முன்னமைவு, நாம் செய்தது தன்னமைவு, இரண்டுக்கும் பொதுப்பெயர் ஒலியமைவு என்று பிரித்துக்கொள்ள வசதியாகவும் இருக்கிறது. இவற்றின் கூட்டத்தைக் குறிக்கும் 'பேங்க்' என்பதை 'வங்கி' என்று பெயர்த்துவிட வேண்டாம். அது படகில் துடுப்பு வலிப்பவர்கள் அமரும் பலகை வரிசையைக் குறித்த சொல். ஆர்கனின் விசை வரிசைக்கும் ஆகிவந்தது. 'வரிசை' என்றாலே போதும். டி-50இல் எட்டு வரிசைகள், வரிசைக்கு எட்டு. அதனால் எண்கள் 11இல் தொடங்கி 88இல் முடியும், இடையில் 9உம் 0உம் வரவே வராது.

சொல்லைச் சரியாகப் பிடித்தால் வேலையும் மாறுகிறது. ஒலியமைவு என்பது ஒலியல்ல, நிலை என்று புரிந்தவர் பட்டியலைக் கேட்கும் விதமே வேறு. இன்றைய மென்பொருள்களில் பட்டியல் பயமுறுத்தும் அளவுக்கு நீளம். ஆம்னிஸ்பியர் என்ற ஒன்றின் இரண்டாம் பதிப்பில் மட்டும் 14,000க்கு மேல் என்றது அதன் நிறுவனம். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 233 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் இங்கே செல்லாது. ஒரு சுரத்தை அழுத்திப் பார்த்து ஒலியமைவை எடைபோட முடியாது. கீழே முழங்குவது மேலே கீச்சிடும். மெல்லத் தொட்டால் குழலாக இருப்பது ஓங்கி அடித்தால் உலோகமாகும். விசைப்பலகையின் இடப்பக்கச் சக்கரத்தைத் தள்ளினால் என்ன ஆகிறது என்பதும் அந்த எண்களுக்குள்தான் எழுதியிருக்கிறது. அதையும் தள்ளிப் பார்க்காமல் 'பிடித்தது' என்று நட்சத்திரம் குத்துவது, பெண் பார்க்கப் போய் வாசலோடு திரும்புவதற்குச் சமம்.

இன்னொரு பொறி, சத்தம். இரண்டு ஒலியமைவுகளில் சற்று உரக்க ஒலிப்பது நல்லதாகத் தோன்றும்; காது அப்படித்தான் ஏமாறும். அளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். அடுத்து எதிரொலி முதலிய ஒப்பனைகளை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கடையில் வாங்கும் தொகுப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஒப்பனையில்தான் மினுங்குகின்றன என்பது என் கணிப்பு. பாடலுக்குள் கொண்டுபோனால் மற்றக் கருவிகளுக்கு இடம் விடாமல் சப்பணமிட்டு அமர்ந்துவிடும்.

நான் அதிகம் புழங்குவது சர்ஜ். கிளாஸ் யோஹான்சன் எழுதி, 2018இல் திறந்த மூலமாக்கப்பட்டு, இன்று தன்னார்வலர்கள் சர்ஜ் எக்ஸ்டி என்ற பெயரில் வளர்த்துவரும் இலவச மென்பொருள். அதில் உடன் வந்தவை, பிறர் தந்தவை, பயனர் செய்தவை என மூன்று பிரிவுகள் தனித்தனியாக இருக்கும். பிடித்ததைக் குறித்து வைக்கவும் வசதி உண்டு. ஆனால் குறி வைப்பதோடு நிற்பதை நான் விட்டுவிட்டேன். காரணம், வேறொரு மென்பொருளில் பட்ட பாடு. கணினி மாற்றியபோது ஒலியமைவுக் கோப்புகளை எல்லாம் கவனமாக நகலெடுத்தேன். நட்சத்திரக் குறிகள் அந்தக் கோப்புகளுக்குள் இல்லை, வேறெங்கோ ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. புதுக் கணினியில் ஒலிகள் அத்தனையும் வந்து சேர்ந்தன. எது பிடித்தது என்ற நான்கு ஆண்டு முடிவுகள் மட்டும் வரவில்லை.

அன்றிலிருந்து, ஒரு முன்னமைவு பிடித்தால் முதலில் அதில் ஏதாவது ஒன்றை மாற்றுவேன். வடிப்பானைச் சற்று மூடுவேன், தொடக்கத்தை மெதுவாக்குவேன். பிறகு பயனர் பிரிவில் தன்னமைவாகச் சேமிப்பேன். பெயரையும் மாற்றிவிடுவேன். உடன் வரும் பெயர்கள் நிலாவையும் நெருப்பையும் சொல்லும். மூன்று மாதம் கழித்து அவை எதையும் நினைவூட்டா. டிஎக்ஸ்7இல் பெயருக்குப் பத்தெழுத்துதான் இடம். அந்தக் கஞ்சத்தனம் நல்லது. 'தாழ்வு, அடிக்க' என்றோ 'சுருதிக்கு' என்றோ எதற்குப் பயன்படும் என்பதைப் பெயரில் வைத்தால் தேடும் வேலை குறைகிறது.

அந்தக் கோப்புறைக்கு நான் வைத்த பெயர் 'பிடித்தவை'. விரும்பியதும் கையில் பற்றியதும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. டிஎக்ஸ்7இன் கணக்குப்படி 32க்கு மேல் சேர்ப்பதில்லை என்பது ஏற்பாடு. இன்றைய தேதியில் 31 இருக்கின்றன. ஏழாவதாக இருக்கும் மணி ஒலியைத் தூக்கலாமா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.