காக்கஸ்: முதன்மைத் தேர்தல் அல்ல, வட்டாரக் கூடல்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கினால் ‘அயோவா முதன்மைத் தேர்தல்’ என்ற தலைப்பும் தவறாமல் வந்துவிடுகிறது. அயோவா மாநிலத்தில் நடப்பது காக்கஸ்: கட்சியின் அதிபர் வேட்பாளராக யாரை ஆதரிப்பது என்று கட்சியினர் வட்டாரந்தோறும் கூடிச் சொல்லும் கூட்டம். முதன்மைத் தேர்தல் என்பது பிரைமரிக்கு வைத்த பெயர். அதைக் காக்கஸுக்கும் சூட்டுவது தவறு.

சொல்லின் பிறப்பு உறுதியில்லை. ஜான் ஆடம்ஸ் 1763இல் தம் நாட்குறிப்பில் பாஸ்டன் காக்கஸ் மன்றத்தைக் குறிப்பிடுகிறார். ஆலோசகரைக் குறிக்கும் அல்கோன்கியச் சொல் என்பார் சிலர். குடிகலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் என்பார் சிலர்.

முதன்மைத் தேர்தலை அரசு நடத்தும். வாக்குச்சாவடி நாள் முழுக்கத் திறந்திருக்கும். காக்கஸைக் கட்சி நடத்தும். இரவு 7 மணிக்குள் வரிசையில் நிற்காதவருக்கு இடமில்லை. குடியரசுக் கட்சியினர் வேட்பாளர்களுக்கான பேச்சுகளைக் கேட்டுவிட்டுத் தாளில் ரகசியமாக எழுதிப் போடுவார்கள். ஜனநாயகக் கட்சியினரோ 2020 வரை அறையின் மூலைகளில் அணி அணியாக எல்லாரும் பார்க்க நின்றார்கள். (2024இல் விருப்பச் சீட்டை அஞ்சலில் வாங்கிக்கொண்டார்கள்.) அணியாக நின்ற அந்த முறையில், கட்சியின் அடுத்த கட்ட மாநாட்டுக்கு நான்கு பிரதிநிதிகளையோ அதற்கு மேலோ அனுப்பும் வட்டாரத்தில் 15 விழுக்காட்டினர் சேராத அணி தேறவில்லை. 97 பேர் வந்தால் 14.55, பின்னம் மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டது, ஆகவே 15 பேர் வேண்டியிருந்தது. 14 பேரோடு நின்ற அணி இன்னொருவரை இழுக்க வேண்டியிருந்தது, அல்லது கலைந்து வேறு அணிக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு அணியின் தலைகளைப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையால் பெருக்கி வந்தவர் தொகையால் வகுத்தார்கள். 100 பேர், 5 பிரதிநிதிகள் என்றால் 40 பேர் அணிக்கு இருவர். சமநிலை வந்தபோது நாணயம் சுண்டியதும் உண்டு.

இதைத் தேர்தல் என்று எழுதியதால்தான் 2020இல் செய்திகள் குழம்பின. அன்று முடிவுகளை அனுப்ப வைத்த செயலி பழுதானது ஒரு பக்கம். ஜனநாயகக் கட்சி வெளியிட்ட கணக்கே மூன்று: முதலில் அணி சேர்ந்தவர் எண்ணிக்கை, கலைந்து மாறிய பின் இறுதி அணியில் நின்றவர் எண்ணிக்கை, மாநிலப் பிரதிநிதி நிகர் (அணிகளுக்குக் கிடைத்த பிரதிநிதிகளை மாநில மாநாட்டுப் பிரதிநிதிகளாக மாற்றிய கணக்கு). ஆள் எண்ணிக்கை இரண்டிலும் வேட்பாளர் சாண்டர்ஸ் முந்தினார். பிரதிநிதிக் கணக்கில் அவருடைய போட்டியாளர் புட்டிஜெஜ் முந்தினார். ‘அதிக வாக்கு பெற்று வென்றார்’ என்று எழுதியவர் எதை எண்ணினார்?

‘செயற்குழுக் கூட்டம்’ என்ற பெயர்ப்பு இன்னும் மோசம். செயற்குழு என்றால் தேர்ந்தெடுத்த சிலர். இங்கே அந்த வட்டாரத்தில் கட்சியின் பெயரில் பதிந்த யாரும் வரலாம். பதியாதவர் வாசலிலேயே பதிந்துகொள்ளலாம். நவம்பர் தேர்தலுக்குள் 18 நிரம்பும் 17 வயதினருக்கும் இடமுண்டு. ‘உட்கட்சித் தேர்தல்’ என்றால் நம்மவர்க்குக் கிளைச் செயலாளர் தேர்தல்தான் நினைவுக்கு வரும்.

வட்டாரக் கூடல் என்போம். கூடுவதுதான் இதன் உயிர். கூடல் பழகிய சொல். ‘கூடலில் முந்தினார்’ என்று தலைப்பிலும் அடங்கும். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றத்துக் ‘கறுப்பினக் காக்கஸ்’ நிலையான அமைப்பு. அதை ‘உறுப்பினர் குழு’ என்றே எழுத வேண்டும். அகராதியில் முதலில் கண்டதை எல்லா இடத்திலும் ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் அங்கேயும் கூடல் போட்டுவிடக் கூடாது.