ஸ்காட்லாந்துப் பிரபுப் பட்டம் யாருக்குப் போகும்? மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் அலையாதீர்கள்

1941 ஜனவரியில் நைரோபிக்கு அருகே ஜாஸ்லின் ஹே சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருடைய ஒரே மகள் டயானாவுக்குப் பதினைந்து வயது. அப்பாவிடம் இருந்த பட்டங்களில் இரண்டைப் பாருங்கள். எரோல் ஏர்ல் (ஏர்ல் என்பது பிரபுக்களில் ஒரு படிநிலை) என்ற பழைய ஸ்காட்லாந்துப் பட்டம் மகளுக்கு வந்தது. 1831-ல் உருவான கில்மார்நாக் பிரபு பட்டமோ அப்பாவின் தம்பிக்குப் போய்விட்டது. 1963-ல் சதர்லாந்து குடும்பத்திலும் இப்படித்தான். டியூக் (ஏர்லைவிட உயர்ந்த படிநிலைப் பிரபு) பிள்ளையில்லாமல் இறந்தார். அவரிடம் இருந்த ஏர்ல் பட்டம் தம்பி மகளுக்கு, டியூக் பட்டம் எங்கோ இருந்த தூரத்து ஆண் உறவுக்கு.

இதில் நியாயம் தேடி மனம் நொந்தவர்கள் நிறைய பேர். யார் நெருங்கிய உறவு, யார் கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. பட்டத்தை முதலில் கொடுத்த அரசர் சாசனத்தில் என்ன எழுதினார் என்பது ஒன்றுதான் கணக்கு. நம் ஊரில் நிலம் வாங்கும்போது மூலப் பத்திரம் எங்கே என்று கேட்போமே, அதே கேள்வியை இங்கேயும் முதலில் கேட்க வேண்டும். அதைப் பார்க்காமல் வக்கீலுக்கு ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள்.

சாசனத்தில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் வாரிசு மாறிவிடுவார். 'உடல்வழி ஆண் வாரிசு' என்று இருந்தால், பட்டம் பெற்ற முதல் ஆளின் நேர் ஆண் சந்ததிக்கு மட்டும்தான். வெறும் 'ஆண் வாரிசு' என்று இருந்தால் அவருடைய சகோதரர், சித்தப்பா வழி ஆண்களும் உள்ளே வருவார்கள். பெண்ணுக்கும் இடம் கொடுத்து எழுதிய சாசனங்களும் ஸ்காட்லாந்தில் உண்டு. அந்த மாதிரிப் பட்டத்தில் மகன் இல்லாமல் நான்கு மகள்கள் இருந்தால் மூத்தவளுக்கே முழுதாகப் போகும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்தின் பழைய பட்டங்கள் சிலவற்றில் மகள்கள் எல்லோருக்கும் சம உரிமை, அதனால் பட்டம் யாருக்கும் இல்லாமல் தொங்கும் என்று ஒரு விதி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, ஸ்காட்லாந்துப் பட்டத்துக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று மூத்த மகளே ஒதுங்கி நிற்கக் கூடாது.

மூலப் பத்திரம் கிடைக்காவிட்டால் படும் பாட்டுக்கு மார் ஏர்ல் பட்டம் ஒன்று போதும். 1866-ல் ஏர்ல் இறந்தார். அவருடைய சகோதரியின் மகன் ஒரு பக்கம், ஆண் வழி உறவினரான கெல்லி ஏர்ல் மறுபக்கம். பெண் வழியில் போகக்கூடிய மிகப் பழைய பட்டம் அது. ஆனால் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை அதை 1565-ல் புதிதாக உருவானதாக வைத்துக்கொண்டு, 1875-ல் ஆண் வழிக்குக் கொடுத்துவிட்டது. கடைசியில் 1885-ல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டுப் பழைய பட்டத்தைச் சகோதரி மகனுக்குத் திருப்பிக் கொடுத்தது. பத்தொன்பது வருஷம்! இன்றைக்கும் மார் என்ற பெயரில் இரண்டு ஏர்ல் பட்டங்கள் இருக்கின்றன. அனண்டேல் குடும்பம் இதைவிடப் பாவம். 1792-ல் நின்றுபோன பட்டம் 1985-ல்தான் திரும்பக் கிடைத்தது. ஆண் வழி இல்லாவிட்டால் மூத்த பெண் வழிக்குப் போகலாம் என்று 1662-ஆம் வருஷச் சாசனம் ஒன்று சொன்னதுதான் காப்பாற்றியது.

சரி, அப்பா உயில் எழுதி வைத்தால்? செல்லாது. பட்டத்தை அரசரிடம் ஒப்படைத்து, வாரிசு வரிசையை மாற்றித் திரும்ப வாங்கும் வழி ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தில் இருந்தது. 1707-ல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது. தத்துப் பிள்ளைக்குச் சொத்து வரும், பட்டம் வராது. 2004-க்குப் பிறகு பிரபுவின் தத்துப் பிள்ளைகள் மரியாதை அடைமொழியைப் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. அதை வாரிசுரிமை என்று நினைத்துவிடுகிறார்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்ற பாகுபாட்டை 2006-ல் ஸ்காட்லாந்து சட்டம் நீக்கியது. அதிலும் பட்டங்களுக்கு மட்டும் விலக்கு. எல்லாப் பிள்ளையும் சமம் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, பின்னால் ஒரு வரியில் இதைப் பிடுங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தலைப்பை மட்டும் படித்துவிட்டு நம்பிக்கை வைக்காதீர்கள்.

அடுத்தது காகிதம். 2004 அரச ஆணைப்படி பிரபுக்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் ஏறாவிட்டால் எந்த அரசுக் கடிதத்திலும் உங்களைப் பட்டத்தோடு அழைக்க மாட்டார்கள். உண்மையான வாரிசாக இருந்தாலும் அப்படித்தான். பெயர் தானாக ஏறாது, விண்ணப்பித்து நிரூபிக்க வேண்டும். பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்றிதழ். பெற்றோர் பெயர் இல்லாத சுருக்கப் பிறப்புச் சான்றிதழை அனுப்பிப் பயனில்லை, முழுச் சான்றிதழ் வாங்குங்கள். ஸ்காட்லாந்துப் பட்டம் என்றால் எடின்பரோவில் இருக்கும், ஸ்காட்லாந்தின் குலச்சின்னங்களைக் கவனிக்கும் லார்ட் லயன் என்ற அதிகாரியிடமும் கருத்துக் கேட்பார்கள். லண்டன் ஒரு பக்கம், எடின்பரோ ஒரு பக்கம். எந்த மேசைக்கு எதை அனுப்பினீர்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.

1855-க்கு முன்னால் ஸ்காட்லாந்தில் கட்டாயப் பதிவு கிடையாது. தேவாலயப் பதிவேடுகளைத்தான் புரட்ட வேண்டும். அதிலும் கொள்ளுத்தாத்தாவின் திருமணம் இல்லை என்றால் உடனே கையை விரித்துவிடாதீர்கள். ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தாலே திருமணமாக ஏற்கும் வழக்கம் அங்கே 2006 வரை இருந்தது. பிரெடல்பேன் ஏர்ல் வழக்கு அப்படி வந்ததுதான். வேறொருவரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனவரின் சந்ததி அது. அந்தப் பெண்ணின் முதல் கணவர் இறந்த பிறகும் இருவரும் கணவன் மனைவியாகவே ஊரில் வாழ்ந்தார்கள். 1867-ல் அதைத் திருமணமாக ஏற்றுப் பட்டம் கொடுத்தார்கள். பதிவேட்டில் இல்லை என்று ஒரு குமாஸ்தா சொன்னால் அது பதிவேட்டைப் பற்றிய தகவல்தான். திருமணம் நடக்கவில்லை என்பதற்கு அது சான்று ஆகாது.

மரபணுச் சோதனை எடுக்குமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். 1683-ல் கொடுத்த ஸ்டிச்சில் பிரிங்கிள் பாரனெட் பட்டம் (பிரபுவுக்குக் கீழே உள்ள பரம்பரைப் பட்டம்) ஒரு தலைமுறையில் உண்மையான ரத்த வாரிசுக்குப் போகவில்லை என்று சோதனை காட்டிவிட்டது. இத்தனை வருஷம் கழித்துக் கேட்கக் கூடாது என்ற வாதமும் எடுபடவில்லை. 2016-ல் பட்டம் வேறு கிளைக்குப் போனது. தாத்தா, அப்பா வைத்திருந்தார்கள் என்பது பாதுகாப்பே இல்லை.

அப்புறம், பரிசாக விற்கும் 'ஒரு சதுர அடி நிலம், லார்ட் பட்டம் இலவசம்' சான்றிதழ். அதில் பட்டமும் இல்லை, நிலமும் இல்லை. அத்தனை சின்ன நினைவுத் துண்டு நிலத்தை ஸ்காட்லாந்து நிலப் பதிவேடு பதியவே பதியாது. சிலர் 'லார்ட்' என்பதற்குப் பதில் போடும் 'லேர்ட்' (Laird) என்பது நிலக்காரர் என்று சொல்லும் சொல், அவ்வளவுதான். பெரிய தொகைக்கு விற்கும் 'பாரன்' (Baron) பட்டம் வேறு வகை, பழைய காலத்தில் நிலத்தோடு ஒட்டி வந்தது. 2004 நவம்பர் 28-க்குப் பிறகு அது நிலத்திலிருந்து பிரிந்துவிட்டது, சட்டப்படி விற்கலாம், வாங்கலாம். ஆனால் அது பிரபுப் பட்டம் கிடையாது, அரசுப் பதிவேட்டிலும் ஏறாது. விற்பவர் கையில் இருப்பது உண்மையா என்று பார்க்க, முந்தைய கைமாற்றங்கள் ஒவ்வொன்றின் பத்திரத்தையும் ஸ்காட்லாந்து வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள். அந்த வக்கீல் விற்பவர் சிபாரிசு செய்தவராக இருக்கக் கூடாது.