கட்டுவதற்கு ஆறு நாள், காப்பதற்கு இரண்டு நாள்

உடற்பயிற்சியைப் பாதியில் விடுகிறவர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகள் இல்லை. தங்கச்சிக்கு வளைகாப்பு, பையனுக்கு முழுப்பரீட்சை, சேலம் ஸ்டீல் பிளாண்டில் ஒரு வாரம் நைட் ஷிப்ட், ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வந்து தங்கிய உறவுக்காரர்கள் என்று ஏதாவது ஒன்று வந்து பத்து நாளை விழுங்கிவிடும். பதினோராம் நாள் ஷூவைப் பார்த்ததும், "எல்லாம் போச்சு, இனி மறுபடியும் முதலிலிருந்தா?" என்று சலிப்பு வரும். விட்டது அந்தச் சலிப்பில்தான், பண்டிகையில் இல்லை.

சரி, உண்மையிலேயே எல்லாம் போய்விடுகிறதா? 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். சில இளைஞர்களுக்குப் பத்து வாரம் கடுமையான பயிற்சி கொடுத்தார். வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம், சைக்கிளும் ஓட்டமும். மூச்சு வாங்கும் அளவுக்குத் தீவிரம். ஒரு நிமிடத்தில் உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பதுதான் அவர் வைத்திருந்த அளவுகோல். இதயம், நுரையீரல், தசை மூன்றின் கூட்டுத் திறனையும் காட்டும் எண் அது. பத்து வாரத்தில் அது நன்றாகவே ஏறியது.

அப்புறம் குறைக்க ஆரம்பித்தார். முதல் சோதனையில் நாட்களை வெட்டினார். சிலருக்கு வாரம் 4 நாள், சிலருக்கு 2 நாள்தான். பதினைந்து வாரம் கழித்துப் பார்த்தால், ஏறிய திறன் இரண்டு குழுவிலும் அப்படியே இருந்தது. இரண்டாவது சோதனையில் நாட்களை அப்படியே வைத்துக்கொண்டு நேரத்தை 26 நிமிடமாகவும் 13 நிமிடமாகவும் வெட்டினார். அப்போதும் அந்த எண் இறங்கவில்லை; 13 நிமிடக் குழுவுக்கு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி மட்டும் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது சோதனையில் நாளும் நேரமும் பழையபடியே இருக்க, தீவிரத்தை மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ குறைத்தார். இந்த முறை திறன் சரிந்தது.

கலந்துகொண்டவர்கள் சிலரே, எல்லோரும் ஆரோக்கியமானவர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் இந்த மூன்று சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு ஒரு பெரிய சலுகை தெரிகிறது. திறனைக் கட்டி எழுப்பச் செலவு அதிகம். கட்டியதைக் காப்பாற்றச் செலவு மிகக் குறைவு. நெருக்கடியான மாதத்தில் நாளை வெட்டலாம், நேரத்தை வெட்டலாம். வேகத்தை மட்டும் வெட்டக் கூடாது. நம் ஆட்கள் செய்வது நேர் தலைகீழ்: நேரம் கிடைக்காத வாரத்தில் மெதுவான நடையாவது தினமும் இருக்கட்டும் என்று வேகத்தைத்தான் முதலில் விடுகிறார்கள்.

ஏன் இப்படி? பயிற்சி உடம்பில் உண்டாக்கும் மாற்றம் ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றும் தனித்தனிக் கடன் மாதிரி, தவணை தேதியும் தனித்தனி. சிலது இரண்டு நாளில் கேட்டு வரும், சிலது இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளும்.

அவசரக்காரக் கடன் சர்க்கரை. தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைய ஒரு கடத்திப் புரதம் வேண்டும். ஓய்வில் இருக்கும்போது அந்தப் புரதம் செல்லின் உள்ளேயே ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து சொன்னால்தான் மேற்பரப்புக்கு வரும். ஆனால் தசை சுருங்கி வேலை செய்யும்போது, இன்சுலினைக் கேட்காமலே அது மேலே வந்துவிடுகிறது. சர்க்கரை நோயாளியின் தசையிலும் இந்த இரண்டாவது வழி வேலை செய்கிறது என்பதுதான் இதன் அருமை. பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் இந்த நேரடி விளைவு அடங்கிவிடும். அதற்குப் பின்னும் ஒன்று முதல் இரண்டு நாள் வரை, சில சமயம் மூன்றாம் நாள் வரைகூட, தசை இன்சுலினுக்கு வழக்கத்தைவிட நன்றாகச் செவி சாய்க்கும். சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். ராத்திரி ஒன்பதரைக்குத் தோசை சாப்பிட்டுவிட்டு அப்படியே படுக்கப் போகிற வீட்டில், சாப்பிட்டதும் தெருவில் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலே அந்த வேளையின் சர்க்கரை ஏற்றம் மட்டுப்படும். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

அடுத்த தவணை இரத்தம். தொடர்ந்து பயிற்சி செய்கிறவருக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடும். இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் அதிகமாகி, ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் வெளியேறும். பயிற்சியை நிறுத்தினால் முதலில் வற்றுவது இந்தக் கூடுதல் நீர்தான். அமெரிக்காவில் எட்வர்ட் கோயல் குழு, நன்கு பயிற்சி பெற்றவர்களை இரண்டு முதல் நான்கு வாரம் சும்மா இருக்கச் சொன்னது. இரத்த அளவு சுமார் 9 சதவீதம் குறைந்தது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் அளவும் குறைந்தது. பின் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி இரத்த அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும், இதயம் தள்ளும் அளவு ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிட்டது. 1986ல் வெளியான ஆய்வு இது.

ஆக, பண்டிகை முடிந்து மறுபடி படி ஏறும்போது மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறதே, அதில் பெரும்பங்கு காணாமல் போன தண்ணீர். இதயம் பலவீனப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சில நாள் பயிற்சியிலேயே அந்தத் தண்ணீர் திரும்பிவிடும். தசைக்குள் ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்டிரியா அதைவிடக் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் வாரக்கணக்கில் தேய்ந்துகொண்டே வரும். தசையின் பருமனும் பலமும்தான் எல்லாவற்றையும்விடப் பொறுமைசாலி.

உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை வாரக் கணக்கில் வைத்திருப்பதை இப்போது புரிந்துகொள்ளலாம். 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிர உழைப்பு. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. பேச முடியும் ஆனால் பாட முடியாது என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் தீவிரம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று 2010ல் சொல்லியிருந்தார்கள். அந்த நிபந்தனையை 2020ல் எடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் பலரை வதைக்கும் தினசரி பத்தாயிரம் அடி கணக்கு மருத்துவத்திலிருந்து வந்ததல்ல. 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்பதற்காகப் பரப்பிய எண் அது.

தீவிரம்தான் முக்கியம் என்றால் அதை எங்கே தேடுவது? சேலத்துக்காரர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, போதாததற்குச் சேர்வராயன் மலைத்தொடர். சமதளத்தில் தீவிரம் வேண்டுமானால் ஓட வேண்டும், முழங்கால் இடம் கொடுக்க வேண்டும். சரிவில் நடந்தாலே போதும். 60 கிலோ எடையுள்ளவர் நிமிடத்துக்கு 10 மீட்டர் உயரம் ஏறினால், அது சுமார் 100 வாட் வேலை. தசையின் திறன் நாலில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால், உள்ளே எரியும் சக்தி அதைப்போல நாலைந்து மடங்கு. மருத்துவக் கணக்கில் இது தீவிர உழைப்பு. ஊத்துமலைப் படியோ குமரகிரிப் படியோ ஏறுகிறவர் இருபது நிமிடத்தில் பெறுவதைப் பூங்காவைச் சுற்றி ஒரு மணி நேரம் கதை பேசி நடந்தாலும் பெற முடியாது. மலைக்குப் போக வாய்ப்பில்லாதவருக்கு அடுக்குமாடிப் படி இருக்கிறது. நிமிடத்துக்கு மூன்று மாடி ஏறினால் ஏறக்குறைய அதே கணக்குதான். சிட்னியின் இம்மானுவேல் ஸ்டமடாகிஸ் குழு 2022ல், பயிற்சி என்று எதுவும் செய்யாத சுமார் 25,000 பிரிட்டன்வாசிகளின் மணிக்கட்டுக் கருவிப் பதிவுகளை ஆராய்ந்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, மாடி ஏறுவது போன்ற ஒன்றிரண்டு நிமிட மூச்சு வாங்கல்கள் நாளில் சில தடவை இருந்தவர்களிடம் மரண விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. இது கவனித்து அறிந்த தொடர்பு மட்டுமே, காரணத்தை நிரூபிக்கும் சோதனை அல்ல.

இதைச் சொன்னால் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறவருக்குக் கோபம் வரும். "பன்னிரண்டு மணி நேரம் தறிக்குத் தறி நடக்கிறேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" நியாயமான கேள்விதான். டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருவதும் இதைத்தான். வேலையில் வரும் உடலுழைப்பு, ஓய்வு நேர உழைப்பு தரும் அதே பலனை இதயத்துக்குத் தருவதில்லை. அவர்கள் சொல்லும் காரணம்: நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும் இதயத் திறனை உயர்த்தும் அளவுக்குத் தீவிரமானதல்ல, அதே சமயம் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மணிக்கணக்கில் சற்றே உயர்த்தி வைத்திருக்கிறது, நடுவில் ஓய்வும் இல்லை. கொலுசுப் பட்டறையில் தரையில் குந்தியிருப்பவருக்குச் சிக்கல் வேறு, அவருக்கு அசைவே போதவில்லை. தறிக்காரருக்கு இன்னும் ஒரு மணி நேர நடையைப் பரிந்துரைப்பது அநியாயம். வாரத்தில் இரண்டு தடவை, குறுகிய நேரம், மூச்சு வாங்கும்படி ஏதாவது. மீதி நேரம் கால் நீட்டி உட்காரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்குச் சொந்தம் என்கிறவர்களுக்கும் நல்ல செய்தி உண்டு. 2023ல் வெளியான ஓர் ஆய்வு, பிரிட்டனில் ஏறத்தாழ 90,000 பேரை இதே மாதிரி கருவி கட்டிக் கவனித்தது. வாரத்தின் மொத்த உழைப்பில் பாதியோ அதற்கு மேலோ ஒன்றிரண்டு நாளிலேயே முடித்தவர்களுக்கும், பரவலாகச் செய்தவர்களுக்கும், மாரடைப்பு, பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. இரண்டு தரப்பும் வாரம் 150 நிமிடத்தை எட்டியவர்கள். சர்க்கரைத் தவணைதான் இதில் அடிபடும். அதற்கு வார நடுவே சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு வீரர்களின் உண்மையான எதிரி இறக்கம். சேலம் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்குப் பக்கம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் உற்சாகமாக நடந்து ஏறி, நடந்தே இறங்கினவர், செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குவார். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. இந்த இழுபறியில் தசை நார்களின் நுண்ணிய அடுக்குகள் சில இடங்களில் சிதையும், அதைச் சரிசெய்ய அழற்சி வரும், வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்று ஜிம்மில் சொல்வதை நம்ப வேண்டாம், அது ஒரு மணி நேரம் போலக் கழிந்தாலே கரைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், ஒரு தடவை அடிபட்ட தசை உஷாராகிவிடுகிறது. அதே இறக்கத்தை இரண்டு, மூன்று வாரம் கழித்து இறங்கினால் வலி வெகுவாகக் குறையும். முதல் ஞாயிறு மூன்று, நாலு வளைவு ஏறி இறங்கிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு, அடுத்த மாத முழு மலைக்கான தடுப்பூசி போட்டாயிற்று. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மட்டும் தசையைவிட மெதுவாகத்தான் பழகும் என்பதால் குதிகால், முழங்கால் பக்கம் வலித்தால் வேறு கணக்கு. நெஞ்சுவலி வந்தவர்கள், இதய நோய்க்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் பேசாமல் மூச்சு வாங்கும் வேலையில் இறங்கக் கூடாது.

பலப் பயிற்சியில் இந்தச் சலுகை இன்னும் தாராளம். 2011ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் என்று 16 வாரம் எடை தூக்கியவர்களில் ஒரு குழுவினருக்குப் பயிற்சியின் அளவை அப்புறம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அதாவது வாரத்துக்கு ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியும் மூன்று செட்டுக்குப் பதிலாக ஒரு செட். 20 முதல் 35 வயதுக்காரர்கள் 32 வாரம் கழித்தும் தசையையும் பலத்தையும் காப்பாற்றிக்கொண்டார்கள். 60 முதல் 75 வயதுக்காரர்களுக்குப் பலம் நின்றது, ஆனால் தசை நார்கள் மெலிந்துவிட்டன. ஷிப்டுக்கும் ஸ்கூல் வேனுக்கும் நடுவே திண்டாடும் மகனுக்கு வாரம் ஒருநாள் போதும். பேப்பர் படித்தபடி திண்ணையில் இருக்கும் அப்பாவுக்குத்தான் அது போதாது.