குட்டியின் காலைக் காட்டுங்கள், தாளைப் பிறகு பார்க்கலாம்

சித்திரைப் பந்தயத்துக்கு இன்னும் நான்கு வாரங்களே இருந்த ஒரு காலையில், நுவரெலியாவுக்கு அருகே உள்ள ஒரு லாயத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். இளங்குதிரை ஒன்று முன்னங்காலை ஊன்றத் தயங்குகிறது என்பதே செய்தி. நான் பையை இறக்கி வைப்பதற்குள் உரிமையாளரின் மகன் பிளாஸ்டிக் உறையில் இட்ட ஒரு வம்சாவளித் தாளை என் கையில் தந்து, "டொக்டர், தகப்பனைப் பாருங்க, இந்தியாவுல டேர்பி ஜெயிச்ச குதிரை" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குட்டியின் இடது முன்னங்காலருகே குந்தினேன். முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்பின் முன்பக்கத்தில், பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு வீக்கம் இருந்தது. அந்த மலைக்குளிரிலும் அந்த இடம் மட்டும் கையில் சுட்டது. கட்டைவிரலால் மெல்ல அழுத்தியதும் குட்டி காலை உதறிக்கொண்டு, தன்னைப் பிடித்திருந்த பராமரிப்பாளரின் தோளில் முகத்தைப் புதைத்தது. உதட்டை விலக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்தவை அத்தனையும் பால்பற்கள்.

குதிரைக்கு நடுவிலுள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைப்பது ஏறத்தாழ இரண்டரை வயதில். இந்தக் குட்டி ஏப்ரல் மாதக் கடைசியில் பிறந்தது. இந்தியா உட்பட வட அரைக்கோள நாடுகளில் பிறக்கும் பந்தயக் குதிரைகள் யாவற்றுக்கும் ஜனவரி 1 அன்றே ஒரு வயது கூட்டப்படுவதால் தாளில் அது இரண்டு வயதுக் குதிரை, உடம்பில் 23 மாதமும் நிறையாத பிள்ளை. அந்தப் பிள்ளையை முதுகில் ஆளை ஏற்றி மூன்று மாதமாக முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். காரணம் கேட்டபோது கிடைத்த பதில், "வம்சம் அப்படி டொக்டர், தாங்கும்" என்பதுதான். இந்த ஆண்டு இந்தப் பதிலை நான் கேட்பது மூன்றாவது தடவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வம்சாவளித் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதை நிதானமாக விளக்கிவிடுகிறேன். பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரைகளின் வம்சப் பதிவேடு இங்கிலாந்தில் முதன்முதலாக வெளியானது 1791ஆம் ஆண்டில். இன்று உலகில் ஓடுகின்ற தரோபிரெட் ஒவ்வொன்றின் தந்தைவழியையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடொல்பின் அரேபியன் என்ற மூன்று பொலிகுதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும். அவற்றிலும் மிகப் பெரும்பான்மை, 1764இல் பிறந்த எக்லிப்ஸ் என்ற குதிரை வழியாக டார்லி அரேபியனிடமே போய்ச் சேரும். ஆகவே பெரிய வம்சம் என்பது உங்கள் குட்டிக்கு மட்டும் வாய்த்த தனிச்சிறப்பு என்று எண்ண வேண்டாம். எல்லாப் பந்தயத்திலும் கடைசியாக வருகிற குதிரைக்கும் அதே முப்பாட்டன்மார்தான்.

தகப்பன் பெயரில் மயங்குவதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருகிறது. பெயர்பெற்ற ஒரு பொலிகுதிரை ஒரே பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்குதிரைகளுடன் சேர்க்கப்படுகிறது. அத்தனை குட்டிகளின் தாளிலும் அதே பெயர்தான் மேலே இருக்கும், ஆனால் அவற்றில் சிலவே பெரிய பந்தயங்களைக் காண்கின்றன. தாயோ ஏறத்தாழ 11 மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒரு குட்டியைத்தான் ஈன முடியும். அதனால்தான் இத்துறையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள், தகப்பன் மட்டும் ஒன்றாக உள்ள இரு குதிரைகளைச் சகோதரங்கள் என்று சொல்வதேயில்லை. தாய் ஒன்றாக இருந்தால்தான் அந்த உறவு. தாளின் கீழ்ப்பாதியைப் படியுங்கள். தாய் ஓடினாளா, எந்தத் தூரத்தில் ஓடினாள், எத்தனை குட்டி ஈன்றாள், அவற்றில் எத்தனை ஓடின, எத்தனை கால் பிசகி லாயத்தோடு நின்றன என்று கேளுங்கள். குதிரை வாங்கி வந்தவர்களிடம் நான் இதைக் கேட்கும்போது, தாயின் பெயரையே தாளைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

ஒரே தாய்க்கும் ஒரே தகப்பனுக்கும் பிறந்த இரண்டு குட்டிகள்கூட ஒன்றாக இருப்பதில்லை. தகப்பனிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி வருகிறது என்பது உண்மைதான், ஆனால் எந்தப் பாதி வருகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஓட்டத்திறனில் பரம்பரையின் பங்கு, பெரும்பாலான கணிப்புகளின்படி, மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. மீதி தீனியிலும் பயிற்சியிலும் லாடத்திலும் வளர்ப்பவர் பொறுமையிலும் இருக்கிறது. தி கிரீன் மங்கி என்ற குதிரை 2006இல் அமெரிக்காவில் 160 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அது ஓடியது மூன்றே பந்தயங்கள், வென்றது ஒன்றுமில்லை. ஸ்னாஃபி டான்சர் 1983இல் 102 இலட்சம் டொலருக்கு வாங்கப்பட்டது, ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. 17,500 டொலருக்கு வாங்கப்பட்ட சியாட்டில் ஸ்லூதான் 1977இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்றது. கோடிகளைக் கொட்டி வாங்கியவர்களுக்கே தாள் வாக்குறுதி தரவில்லை.

தாள் உங்கள் குதிரைக்குரியதுதானா என்பதையும் பாருங்கள். கழுத்தின் இடப்பக்கம் தோலுக்குள் வைத்திருக்கும் சிப்பின் எண்ணைக் கருவியால் படித்துத் தாளோடு ஒப்பிட வேண்டும். நெற்றியிலும் கழுத்திலும் உள்ள சுழிகளையும் கால்களின் வெள்ளையையும் ஒப்பிட வேண்டும். சுழி பார்த்துக் குதிரை வாங்குவது நம் முன்னோர் வழக்கம். அதில் நல்லது கெட்டது சொல்ல நான் வரவில்லை, ஆனால் மனிதனுக்குக் கைரேகைபோல, சுழி இருக்கும் இடம் குதிரைக்குக் குதிரை வேறுபடுவதால் அடையாளம் காண அதைவிட எளிய வழி இல்லை.

இனி எலும்பு. முழங்காலுக்கு மேலே எலும்பின் வளர்ச்சி நடக்கும் குருத்தெலும்புப் பகுதி முற்றி மூடுவதற்கு இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன; முதுகெலும்பு முற்றுவதற்கு ஐந்து வயதுக்கும் மேல். இளங்குதிரையை ஓடவிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறு தூர வேக ஓட்டம் வாரம் இரண்டு முறை, இடையில் போதிய ஓய்வு என்று படிப்படியாகக் கொடுத்தால் எலும்பு தன்னைத் தடித்துக்கொள்ளும். நாள் தவறாமல் நீண்ட ஓட்டம் கொடுத்தால், தடிப்பதற்கு முன்பே மேற்பரப்பில் நுண்ணிய கீறல்கள் விழும். நான் தொட்டுப் பார்த்த வீக்கம் அதுதான்.

நம் மலையகத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது, இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஓயாத மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவதால் நம் மண் புளிப்பானது. இங்கே நன்றாக வளரும் கிகுயு புல்லில் உள்ள ஒக்சலேட் என்ற பொருள், தீனியிலிருக்கும் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குதிரையின் உடம்பில் சேரவிடாது. அதன்மேல் வாளி வாளியாகத் தவிடு வைக்கிறோம். தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் குறையும் கல்சியத்தை உடல் எலும்பிலிருந்து உருவி ஈடுகட்டும். பளபளப்பான ரோமத்தோடு கொழுகொழுவென்று நிற்கும் குட்டியின் எலும்பு உள்ளே மெலிந்துகொண்டிருக்கும். முகத்தின் இருபுறமும் எலும்பு உப்பிய பிறகு என்னை அழைப்பதில் பயனில்லை. தவிட்டை ஒரு கைப்பிடிக்குக் குறையுங்கள். கல்சியம் பொஸ்பரஸைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும்படி தீனியை அமைக்க மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே குட்டி எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். தாயும் தகப்பனும் பதிவேட்டில் இருந்து, இயற்கையான முறையில் சேர்ந்து பிறந்தால்தான் குட்டி தரோபிரெட் என்று பதியப்படும்; செயற்கைக் கருவூட்டலில் பிறந்ததை எந்த நாட்டுப் பதிவேடும் ஏற்காது. ஓய்வுபெற்ற பந்தயப் பெண்குதிரையை ஏரிக்கரையில் அவிழ்த்துவிட்டு, வந்த மட்டக்குதிரையோடு சேரவிட்டு, பிறந்த குட்டியைப் பந்தய வம்சம் என்று விற்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். காயடிக்காத மட்டக்குதிரைகள் தம் மகள்களோடே சேர்வதையும் பார்க்கிறேன். பலவீனமான அந்தக் குட்டிகளை ஈற்றில் தெருவில் சந்திப்பதும் நான்தான்.

அந்தக் குட்டியின் காலை எக்ஸ்-ரே எடுத்தோம். எலும்பு உடைந்திருக்கவில்லை. "ஊசி ஒன்று போட்டால் ஏப்ரலில் ஓடுமா?" என்று கேட்டார் உரிமையாளர். வலியை மட்டும் மறைத்துவிட்டு ஓடவிட்டால் கீறல் முறிவாகும், முறிந்த காலோடு ஒரு குதிரை ஓடுதளத்தில் நிற்கும்போது எனக்குச் செய்ய மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுதான் என்று சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தாளைத் தானே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது காலையும் மாலையும் 20 நிமிடம் குளிர்ந்த நீர், அதன் பிறகு கையில் பிடித்து மெதுவான நடை. சேணம் சுவரில் தொங்குகிறது. பராமரிப்பாளர் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் உள்ளங்கையை அந்த எலும்பின்மேல் வைத்துச் சூட்டைப் பார்த்து எனக்குச் சொல்கிறார். நேற்று, "இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்குங்க ஐயா" என்றார். அடுத்த எக்ஸ்-ரே ஆறு வாரத்தில்.