கத்தெனாச்சோ: கால்பந்துக்கு ஒரு தாழ்ப்பாள்

ஒரு கோல் போட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும் அணியை எல்லாம் 'கத்தெனாச்சோ ஆடுகிறார்கள்' என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு அகலமான பொருள் கிடையாது. இத்தாலிய மொழியில் கத்தெனாச்சோ என்றால் தாழ்ப்பாள். சங்கிலியைக் குறிக்கும் 'கத்தேனா' என்ற லத்தீன் சொல்தான் வேர்.

பெயர் இத்தாலியுடையது என்றாலும் யோசனை பிறந்தது சுவிட்சர்லாந்தில். 1930களில் அங்கே பயிற்சியாளராக இருந்த ஆஸ்திரியர் கார்ல் ராப்பன், தடுப்பு வரிசைக்கும் பின்னால் ஒருவரை நிறுத்தினார். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'வெரூ' என்று பெயர், அதுவும் தாழ்ப்பாள்தான். 1938 உலகக் கோப்பையில் சுவிஸ் அணி ஜெர்மனியை மறு ஆட்டத்தில் 4-2 என்று வென்று வெளியேற்றியபோது அணியின் பயிற்சியாளர் அவரே. போருக்குப் பின் இத்தாலியில் பயிற்சியாளர் நெரேயோ ரோக்கோ இதே முறையை வைத்துக்கொண்டு, திரியெஸ்தினா என்ற சின்ன அணியை 1947-48 லீகில் இரண்டாம் இடம்வரை கொண்டுவந்தார்.

சரி, தாழ்ப்பாள் யார்? மற்ற பின்கள வீரர்கள் எதிரணியின் முன்கள வீரர்களை ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பின்னால், கோல்கீப்பருக்கு முன்னால் நிற்பவருக்கு மட்டும் அப்படி ஆள் ஒதுக்கீடு இல்லை. எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கே குறுக்காக நகர்ந்து அடைப்பது அவர் வேலை. இத்தாலியர்கள் அவரை 'லிபெரோ', அதாவது கட்டற்றவர், என்றார்கள். நம் ஊர் வாலிபால் ரசிகர்களுக்கு வேறு நிறச் சட்டை போட்ட லிபெரோவைத் தெரிந்திருக்கும், அதே சொல்தான்.

ஒருவரைப் பின்னால் அனுப்பினால் நடுக்களத்தில் ஒருவர் குறைவார். அங்கே பந்தைச் சுற்றிச் சுற்றி ஆட முடியாது. அதனால் பந்து கிடைத்தவுடன் நீளமாக அடித்து எதிர்த்தாக்குதலுக்குப் பாய வேண்டும். பயிற்சியாளர் ஹெலெனியோ ஹெரேராவின் இண்டர் மிலான் 1964, 1965 என்று அடுத்தடுத்து கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை வென்றது இப்படித்தான். அர்மாந்தோ பிக்கி லிபெரோ. நீளப் பந்து போடுபவர் லூயிஸ் சுவாரெஸ் (உருகுவேக்காரர் அல்ல, அவருக்கு முந்தைய ஸ்பெயின்காரர்). பின்னால் பிக்கி இருக்கும் தைரியத்தில் இடது பின்கள வீரர் ஃபக்கெத்தி எதிரணி கோல்வரை ஓடுவார். இத்தாலிய லீகில் மட்டும் அவர் போட்டது 59 கோல்! தன்னைக் காப்பியடித்தவர்கள் தடுப்பை எடுத்துக்கொண்டு தாக்குதலை விட்டுவிட்டார்கள் என்று ஹெரேரா பின்னாளில் குறைபட்டார். நியாயமான குறைதான்.

அதே கோப்பையின் 1967 லிஸ்பன் இறுதி ஆட்டத்தில் ஸ்காட்லாந்து அணியான செல்டிக்கிடம் இண்டர் தோற்றதையும் இந்தக் கணக்கில் பார்க்கலாம். ஏழாவது நிமிடத்திலேயே இண்டரின் மத்ஸோலா பெனால்டியில் கோல் போட்டுவிட்டார். ஆனால் காயத்தால் சுவாரெஸ் ஆடவில்லை. தாழ்ப்பாள் இருந்தது, பந்தை வெளியே கொண்டுபோக ஆள் இல்லை. செல்டிக் அலை அலையாக வந்து 2-1 என்று வென்றது. அப்புறம் 1980களின் கடைசியில் பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கியின் ஏசி மிலான், நான்கு பின்கள வீரர்களையும் ஒரே கோட்டில் மேலே ஏற்றி ஆஃப்சைடு பொறி வைத்து (சக வீரர் பந்தை அனுப்பும்போது எதிராளி அந்தக் கோட்டைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு) ஆடியது. அந்த ஆட்டத்தில் லிபெரோவுக்கு இடமே இல்லை. பின்னால் ஒருவர் தங்கினால் அவரைத் தாண்டாத எதிராளி யாரும் ஆஃப்சைடு ஆக மாட்டாரே.

தமிழில் 'தற்காப்பு ஆட்டம்' என்று எழுதினால் அந்தப் பின்னால் நிற்பவர் காணாமல் போகிறார். 'பூட்டு' என்றால் அசையாமல் தொங்குவதுதான் நினைவுக்கு வரும். குறுக்கே நகர்ந்து அடைப்பது தாழ்ப்பாள். எனவே 'தாழ்ப்பாள் வியூகம்' என்பதே பொருத்தம். லிபெரோவை வாலிபாலில் சொல்வதுபோல் லிபெரோ என்றே விட்டுவிடலாம். சும்மா பின்னால் உட்காரும் அணிகளுக்குத் தற்காப்பு ஆட்டம் என்பதே போதும்.