விளக்கு எரிகிறது என்பதால் வயரிங் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல

கும்பகோணத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், கட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேலான ஓட்டு வீடொன்றில், வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருசுருவென்று கையை இழுக்கிறது என்று சென்ற ஐப்பசியில் எலக்ட்ரீஷியனான என்னை அழைத்தார்கள். மெஷினைப் பழுது பார்க்க வந்தவர் அதில் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். டெஸ்டரை மெஷினின் வெளித்தகட்டில் வைத்தேன், மங்கலாக எரிந்தது. மெயினை அணைத்துவிட்டுப் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்ததில், எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் இணைப்பு) துளையிலிருந்து புறப்பட்ட வயர் கொல்லைப்புறச் சுவரோடு ஓடி, குளியலறைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி முடிந்திருந்தது. வீடு கட்டியபோது அது இரும்புக் குழாய். பல அடி தூரம் மண்ணுக்குள் ஓடியதால் ஏதோ ஒரு வகையில் எர்த்தாக வேலை செய்திருக்கிறது. அந்தக் குழாய் துருப்பிடித்துப் போனபோது பி.வி.சி. குழாய் போட்டிருக்கிறார்கள், குழாய் மாற்றியவர் எர்த் வயரைக் கவனமாக அவிழ்த்து, புதிய பிளாஸ்டிக் குழாயிலேயே மறுபடியும் இறுக்கிச் சுற்றியிருந்தார்.

"விளக்கெல்லாம் நல்லாத்தானே எரியுது தம்பி" என்றார் அந்த வீட்டு அம்மா. பழைய வீடுகளில் நான் அதிகமாகக் கேட்டிருக்கும் வாக்கியம் இதுதான். விளக்கு எரிவதற்கு, மின்சாரம் வரும் பேஸும் திரும்பிப் போகும் நியூட்ரலும் போதும். எர்த் அறுந்து போனாலும், ஃபியூஸ் உருகும் தன்மையையே இழந்துவிட்டாலும், விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். பாதுகாப்பு போய்விட்டது என்பதை வீட்டின் அன்றாட இயக்கம் நமக்குக் காட்டிக்கொடுப்பதில்லை. மின்னணுப் பலகை உள்ள பல கருவிகளில் மிகச் சிறிய கசிவு வெளித்தகட்டுக்கு இயல்பாகவே வரும். எர்த் இருந்தால் அது மண்ணில் இறங்கிவிடும். அந்த வீட்டில் அது இறங்க வழியில்லாமல் தொட்டவர் கை வழியே இறங்கியது. மோட்டாரின் இன்சுலேஷன் (மின்சாரம் வெளியே கசியாமல் காக்கும் உறை) ஒரு நாள் முழுமையாகக் கெட்டிருந்தால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று துணி எடுப்பவர் உடல் வழியே 230 வோல்ட் பாய்ந்திருக்கும்.

இதைவிட மோசமான ஒரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் மூன்று துளை பிளக் பாயிண்ட் வைக்கும்போது, எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த வீட்டில் நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், அந்தப் பாயிண்டில் சொருகி ஆன் செய்துள்ள ஃபிரிட்ஜின் கதவு உட்பட எல்லா உலோகப் பரப்பிலும் முழு மின்னழுத்தம் ஏறி நிற்கும். இந்த இணைப்பைக் கண்டால் அன்றே பிரித்துவிட வேண்டும்.

அடுத்து ஃபியூஸ். இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியரும் உள்ள வீடுகளில், கேரியரைப் பிடுங்கிப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஃபியூஸ் கம்பியே இருப்பதில்லை. ஏதோ ஒரு வயரிலிருந்து உருவிய செம்பு இழைகளை முறுக்கி வைத்திருப்பார்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்ற எரிச்சலில் செய்வது அது. அந்த வீடுகளில் வயர் போட்ட காலத்தில் நான்கைந்து விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு ரேடியோ என்பதுதான் கணக்கு. இன்று 2000 வாட் கீசர் ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். இன்டக்‌ஷன் அடுப்பும் அதே அளவு கேட்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். தடித்த செம்பு இழை உருகாது; அதற்குப் பதிலாக மர ரீப்பருக்கு மேலே ஓடும் வயர் உருகும். பல பழைய மெயின்களில் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் இருக்கும். அது மட்டும் போனால் வீடே இருண்டுவிடும், ஆனால் பேஸ் வயரில் மின்சாரம் அப்படியே நிற்கும். கரன்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரைக் கழற்றினால் ஷாக் அடிக்கும்.

எல்லாக் குறையும் ஒளிந்திருப்பதில்லை. சுவிட்ச் போர்டு தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது, பிளக்கைச் சுற்றிப் பழுப்பேறுவது, மீன் வாடை போல ஒரு பிளாஸ்டிக் கருகல் நாற்றம் வந்து மறைவது, மிக்ஸி போட்டால் விளக்கு மங்குவது ஆகியவை ஓர் இணைப்பு தளர்ந்து சூடேறுவதையோ தாங்காத லோடையோ குறிக்கலாம். அலுமினிய வயர் உள்ள வீடுகளில் இது இன்னும் விரைவாக நேரும். அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரிந்து சுருங்குவதால் திருகு நாளடைவில் தளர்கிறது. மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அதன்மேல் செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றினால் அந்த முடிச்சே அடுப்பாகிவிடுகிறது.

இவற்றில் எதைக் கண்டாலும், நீங்கள் செய்ய வேண்டியது மெயினை அணைத்து, அந்தப் பாயிண்டைப் பயன்படுத்தாமல் விட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைப்பதுதான். போர்டை நீங்களே திறக்காதீர்கள். வருபவர் டெஸ்டரை மட்டும் கொண்டு வந்தால் போதாது. மெக்கர் என்ற 500 வோல்ட் அளவுக் கருவியால் வயர்களின் இன்சுலேஷன் தடையை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டை நம்பக் கூடாது. எர்த்தின் தடையையும் அளக்க வேண்டும். அது 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், பேஸ் வயர் கருவியின் வெளித்தகட்டைத் தொட்டால்கூட 11.5 ஆம்பியர்தான் ஓடும். மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி., 16 ஆம்பியருக்கு உரியதாக இருந்தால், அதற்கு விழாது. மனித இதயத்தை நிறுத்த ஆம்பியரில் மிகச் சிறு பகுதியே போதும் என்பதால்தான் ஆர்.சி.சி.பி. என்ற 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் தேவைப்படுகிறது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லை என்றால் அது நொடிக்குள் துண்டித்துவிடும். முழு வீட்டுக்கும் ஒரே சமயத்தில் வயரிங் மாற்றப் பணம் இல்லாதவர்களிடம், முதலில் நல்ல எர்த், ஆர்.சி.சி.பி., சரியான எம்.சி.பி. ஆகிய மூன்றையும், பிறகு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனி லைனையும் போடச் சொல்கிறேன். மற்ற அறைகள் ஓராண்டு பொறுக்கலாம்.

அந்த ஓட்டு வீட்டிலும் முதலில் அந்த மூன்றையும் போட்டோம். முதல் மழை இரவில் ஆர்.சி.சி.பி. விழுந்தது, தூக்கிவிட்டால் மறுபடியும் விழுந்தது. அதை எடுத்துவிட்டு டைரக்ட் பண்ணிடுங்க தம்பி என்று மறுநாள் காலையில் அந்த அம்மா கேட்டுக்கொண்டார். நான் சர்க்யூட்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். சமையலறையில், ஓடு ஒழுகி நனைந்த சுவரில் பதித்த சுவிட்ச் பெட்டிக்குள், வயரின் ரப்பர் உறை விரலால் தொட்டதும் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. உள்ளே கம்பி பச்சைக் களிம்பு படிந்து ஈரச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியை அவரிடம் காட்டினேன். அன்று மாலைக்குள் அந்தச் சுவரைத் தவிர்த்து, எதிர்ச் சுவர் வழியாகப் புதிய லைன் இழுத்தோம்.