1225785344 என்று ஒரு எர்ரரா?

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் நாங்கள் வைத்த 32 பிட் லினக்ஸ் போர்டு ஒன்று இருக்கிறது. உலர்களத்தின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பகல் முழுக்கச் சேர்த்துவைத்து, சாயங்காலம் மொத்தமாக மெமரியில் ஏற்றி சேலம் ஆபீசுக்கு அனுப்பும். வருஷம் பூராவும் ஒழுங்காக ஓடும், பழம் பறிக்கிற டிசம்பர், ஜனவரியில் மட்டும் சாயங்காலமானால் படுத்துவிடும். "சார், பழம் வந்தாலே உங்க பெட்டிக்குக் காய்ச்சல் வந்துடுது" என்றார் எஸ்டேட் ரைட்டர். பனிதான் காரணம் என்று நினைத்து இரண்டு தடவை பவர் சப்ளையை மாற்றினோம், வீண்.

லாகில் மால்லாக் (புரோகிராம் மெமரி கேட்கும் ஃபங்ஷன்) தோல்வி, எர்நோ (எந்தப் பிழை என்று சொல்லும் எண்) 1225785344 என்று இருந்தது. லினக்ஸில் எர்நோ எண்களெல்லாம் நூற்று முப்பது சொச்சத்தில் முடிந்துவிடும். "போன் நம்பராண்ணா இது?" என்று தம்பி ஒருத்தன் சிரித்தான், அப்புறம் மெமரி பத்தலையோ என்றான். மெமரி பத்தாவிட்டால் 12 வந்திருக்க வேண்டும்.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிடம் புரோகிராம் கேட்பதையும் அது தரும் பதிலையும் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தால் வேறு கதை. மெமரித் துண்டு கேட்கும் எம்மேப் அழைப்பைக் கெர்னல் ஒழுங்காக முடித்து 3069181952 என்ற முகவரியைக் கொடுத்திருக்கிறது. கெர்னல் "தந்துவிட்டேன்" என்கிறது, புரோகிராம் "கிடைக்கவில்லை" என்கிறது, நடுவில் நின்று இரண்டுக்கும் தூது போவது சி லைப்ரரி ஒன்றுதான். அந்த இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள், 4294967296 வரும், அதாவது 2-இன் 32-ஆவது அடுக்கு.

லினக்ஸ் கெர்னலுக்கு எர்நோ என்று ஒன்று கிடையாது. தோல்வி என்றால் -1 முதல் -4095 வரை ஏதோ ஒரு எண்ணைத் திருப்பும், அதைக் குறி மாற்றி எர்நோவில் போட்டு நமக்கு -1 தருவது லைப்ரரியின் ராப்பர், அதாவது கெர்னல் அழைப்பைச் சுற்றிய சின்ன ஃபங்ஷன். போர்டோடு வந்த வெட்டிச் சுருக்கிய லைப்ரரியில் யாரோ "பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் தோல்வி" என்று மட்டும் எழுதிவிட்டார்கள். 32 பிட்டில் 2147483647-ஐத் தாண்டிய எந்த முகவரியும் குறியோடு படித்தால் மைனஸாகத்தானே தெரியும்! நல்ல முகவரியை எர்ரர் என்று எடுத்துக்கொண்டு, குறியை மாற்றி எர்நோவில் போட்டுவிட்டது.

சீசனில் மட்டும் ஏன்? சின்ன மால்லாக் கேட்டால் கீழ் முகவரியில் இருக்கும் ஹீப் என்ற மெமரிப் பகுதியிலிருந்து வந்துவிடும், 128 கிலோபைட்டைத் தாண்டினால்தான் மேல் முகவரி தரும் எம்மேப்புக்குப் போகும். பறிப்பு நேரத்தில் கூடுதல் களம், கூடுதல் சென்சார், டேட்டா அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

திருத்தம் ஒரே வரி. மதிப்பைக் குறியில்லாத எண்ணாக எடுத்து, கடைசி 4095 எண்களுக்குள் (-1 முதல் -4095 வரை குறியில்லாமல் படித்தால் இவைதான்) விழுந்தால் மட்டும் எர்ரர்.

சரி, திறந்ததுதான் திறந்தோம் என்று மற்ற ராப்பர்களையும் பார்த்தோம். ஃபைலை மூடும் க்ளோஸில், கெர்னல் அனுப்பும் சிக்னல் குறுக்கிட்டால் மறுபடி க்ளோஸ் செய் என்று ஒரு லூப். ஃபைலைப் படிக்கும் ரீடுக்கு அது சரி. க்ளோஸுக்கு லினக்ஸில் ஆபத்து, முதல் தடவையிலேயே அந்த ஃபைலுக்குக் கெர்னல் கொடுத்த எண் விடுபட்டிருக்கும், அதற்குள் அதே புரோகிராமில் கூடவே ஓடும் இன்னொரு த்ரெட் அதே எண்ணில் வேறு ஃபைலைத் திறந்திருந்தால் அதை மூடிவிடுவோம். அதையும் எடுத்தாயிற்று.

இன்னும் நான்கு போர்டுகள் மேலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறணும், தம்பிக்கு ஐந்தாவது வளைவிலேயே தலைசுற்றும்.